கைக்கு எட்டும் உயரம்

ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது ஆயா ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் வாளித் தண்ணீரில் பினாயில் கலந்துகொண்டிருந்தாள். ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாதவன். பின்கதவைத் திறந்தபடியே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "சிஸ்டர், சீக்கிரம் வாங்க. சிப்பாய் இன்னிக்கும் ஒருத்தரைச் சாய்ச்சுட்டான்." நர்ஸ் அவனை முறைத்தாள். அவனுக்குப் புரியவில்லை. நர்ஸ் கண்ணால் ஆயாவைக் காட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்கும் அவனுக்குப் புரியவில்லை. ஆயா ஒன்றும் காதில் விழாதவள் போலத் துடைப்பத்தை வாளியில் முக்கினாள்.

சிப்பாய் அவளுடைய மகன். ஒரே மகன். போரில் செத்துப்போனான். ஊரைச் சுற்றிப் போகும் புது நெடுஞ்சாலைக்கு அவன் பெயரை வைத்தார்கள். பதவி, படைப்பிரிவு, அப்பா பெயர், அவன் பெயர் என்று எல்லாம் சேர்ந்து ஒரு முழ நீளப் பெயர். லாரிக்காரர்களுக்கு அது வாயில் நுழையவில்லை. முதலில் சிப்பாய் ரோடு என்றார்கள், அப்புறம் ரோடும் உதிர்ந்துபோய் வெறும் சிப்பாய் ஆனான். அவள் தெருப் பக்கத்து வளைவில் விபத்துகள் ஆரம்பித்ததும் பேச்சும் அதற்கேற்ப மாறியது. சிப்பாய் ஒருத்தனைத் தூக்கிட்டான், சிப்பாய்கிட்ட மாட்டிக்கிட்டான், இருட்டுறதுக்குள்ள சிப்பாயைத் தாண்டிடு. கரப்பான் பூச்சியை அடிக்கக்கூட "அம்மா" என்று கட்டில்மேல் ஏறி நின்று கத்திய பிள்ளை அவன். அவனைத்தான் ஊர் இப்படிக் கொலைகாரனாக்கி வைத்திருந்தது. அவன் கைவரிசை என்று சொல்லி இறக்கிவிடும் ரத்தத்தை அவள்தான் துடைக்க வேண்டியிருந்தது.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனைப் பார்த்ததும் துடைப்பம் கையைவிட்டு நழுவியது. அவள் தெருவிலேயே குடியிருக்கும் எலக்ட்ரீஷியன். போன மாதம்தான் வீட்டு மின்விசிறியை மாட்டிக் கொடுத்துவிட்டு, டீ குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனவன். அவனும் அவளை அடையாளம் கண்டுகொண்டான்.

"அக்கா."

"பேசாதப்பா. டாக்டர் வந்துட்டாரு."

"லாரி வந்ததே தெரியலக்கா. அந்த போர்டு மறைச்சிடுச்சு."

"எந்த போர்டு?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அந்த நிலைமையிலும் அவனுக்குச் சட்டென்று ஏதோ நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குமேல் அவன் யாரிடமும் பேசவில்லை. மதியத்துக்கு முன்பே உயிர் போய்விட்டது.

எந்த போர்டு என்று அவள் கேட்டது பதில் தெரியாமல் இல்லை. அந்த போர்டு அங்கே வந்த கதை ஊருக்கே தெரியும். பெயர் சூட்டு விழாவில் அமைச்சர் கயிற்றை இழுத்தார். திரை பாதியில் சிக்கிக்கொண்டது. ஆளாளுக்குக் கொம்பை எடுத்துக் குத்தி அதை விலக்கிய பிறகு அமைச்சர் மனம் இளகி, "பெரியவரே, அரசாங்கம் உங்களுக்கு என்ன செய்யணும், தயங்காம கேளுங்க" என்று மைக்கை அவள் புருஷன் பக்கம் நீட்டினார். பக்கத்திலிருந்தவர்கள் வீடு கேளு, மனை கேளு என்று இடித்தார்கள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், வாழ்நாளில் மைக்கையே பிடித்ததில்லை. "போர்டைக் கொஞ்சம் இறக்கி வைங்க ஐயா. எங்க தெரு வந்து சேர்ற முக்குல, என் கைக்கு எட்டற மாதிரி. அது போதும்" என்றார். மேடையே மூக்கை உறிஞ்சியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இவரைப் போய் இத்தனை வருஷம் வாயில்லாப் பூச்சி என்று திட்டினோமே என்று அழுதாள். அரசாங்கம் எந்தக் காரியத்தையும் அத்தனை சுருக்காகச் செய்து யாரும் பார்த்ததில்லை. ஆளுயரத்துக்கு மேலே இருக்க வேண்டிய பலகை, இடுப்பளவில் தொடங்கித் தலைக்குமேல் ஒரு சாண் வரை, வீட்டுச் சுவர் அகலத்தில் தெருமுனையில் வந்து நின்றது. அன்றிலிருந்து தினம் காலையில் அவர் ஒரு வாளித் தண்ணீரும் மகனின் பழைய பனியனும் எடுத்துக்கொண்டு போவார். எழுத்து எழுத்தாகத் துடைப்பார். அப்போது அவர் வாய் அசைவதை அவள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். என்ன பேசுகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஒரு வாளித் தண்ணீரில்தான் மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

தரையைத் துடைக்கத் துடைக்க, இதற்கு முன் அங்கே அடிபட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளுக்கு நினைவுக்கு வந்தார்கள். தையல்கார அம்மா, காலேஜ் பெண், பேப்பர் போடுகிறவர். அத்தனை பேரும் தங்கள் தெருவிலிருந்து ரோட்டுக்கு ஏறியவர்கள். ஒருத்தராவது ரோட்டோடு நேராக வந்தவரில்லை. லாரிக்காரன் வேகம், குடி, விதி என்று எதை எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவளும் கூடச் சேர்ந்து தலையாட்டியிருந்தாள். அத்தனை பேருக்கும் அந்த போர்டுதான் மறைத்திருக்கிறது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் புருஷனிடம் சொல்லாமல் நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போனாள். இன்னார் அம்மா என்று தெரிந்ததும் எஞ்சினியர் எழுந்து நின்றார். தன் நாற்காலியையே தள்ளிக் கொடுத்தார், டீ வரவழைத்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் டீ வரும்வரை இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது.

"தெரியும்மா. எங்களுக்கும் தெரியாம இல்ல. உங்க வீட்டுக்காரர் கேட்டதாலதானே இறக்கினோம்."

"இப்ப நான் கேக்கறேன் சார். ஏத்தி வச்சிடுங்க. இல்ல, எடுத்துடுங்க."

"வெறும் ஊர்ப் பேர் போர்டுன்னா நாளைக்கே எடுத்துடுவேன். இது தியாகி போர்டு. அமைச்சர் திறந்து வச்சது. இதுல கை வச்சா நாளைக்கு என் கொடும்பாவியை எரிப்பாங்க. மேலேர்ந்து உத்தரவு வரட்டும்மா."

"எப்ப வரும்?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "அதுவரைக்கும் பார்த்துப் போகச் சொல்லுங்க உங்க தெரு ஆளுங்களை."

அன்று சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். எப்படிச் சொன்னாலும் அவர் நெஞ்சில்தான் குத்தும் என்பதால் சுற்றி வளைக்கவில்லை. அவர் கொதித்துப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அவளை அடிக்கக் கை ஓங்கியவரில்லை. அன்றைக்கு ஓங்கினார். "ஊர்க்காரன்தான் எம்புள்ள பேரை நாறடிக்கிறான்னா நீயுமா?" என்று கத்தினார். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அவளும் பின்னாலேயே போனாள். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, ரோட்டில் ஏறப் போகிறவர் போல வலது பக்கம் பார்த்தார். போர்டின் முதுகு மட்டும் தெரிந்தது. எழுத்து இல்லாத வெறும் சாம்பல் தகரம். இரைச்சல் கேட்டது, எங்கிருந்து என்று தெரியவில்லை. திடீரென்று தகரத்தின் விளிம்பிலிருந்து ஒரு லாரி முழுசாக முளைத்து, அவர் சட்டையைப் படபடக்க வைத்துவிட்டுப் போயிற்று. கழுத்தை நீட்டிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். வண்டியை ஓரடி முன்னால் தள்ளிப் பார்த்தார். அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நாற்பது வருஷம் பிரேக்கும் கண்ணாடியும் பார்த்தே பிழைத்தவர், தினம் காலையில் அந்தப் பலகையின் முன்பக்கத்தைத் துடைத்தவர், ஒருநாள்கூடப் பின்பக்கம் வந்து நின்றதில்லை.

"நாந்தானே கேட்டேன்" என்றார். "எம்புள்ள ஒண்ணும் பண்ணல. நாந்தான்."

அவள் அவர் முதுகில் கை வைத்தாள்.

பொழுது விடிந்ததும் ஸ்பேனர் பையையும் ஒரு ஸ்டூலையும் எடுத்துக்கொண்டார். இருவரும் தெருமுனைக்கு நடந்தார்கள். அன்றைக்கு அவர் தண்ணீர் எடுக்கவில்லை. அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, ஏறி நின்று போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றினார். கீழ் வரிசை கழன்றுவிட்டது. மேல் வரிசையில் கை வைத்தபோது முதல் பைக் நின்றது. அப்புறம் ஒரு கார். வேலைக்குப் போகிற வெளியூர்க்காரர்கள், யாருக்கும் இவர்களைத் தெரியாது.

"யோவ், என்னய்யா பண்றே அங்க?"

"தகரத்தைத் திருடறான் சார். வீடியோ எடுங்க, விடாதீங்க."

"பழைய இரும்புக்காகத் தியாகி போர்டையா? இறங்குடா கீழே!"

அவர் திரும்பவில்லை. திரும்பினால் கை ஓடாது என்பது போல ஸ்பேனரிலேயே கண்ணாக இருந்தார். அவள்தான் கையெடுத்துக் கும்பிட்டாள். "திருடலப்பா. இது எம்புள்ள. எம்புள்ள பேரு."

"எங்களுக்கும் புள்ளதான்மா, நாட்டுக்கே புள்ள" என்றான் ஹெல்மெட் போட்டவன். அவன் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "உன் வீட்ல ஒருத்தன் இப்படிச் செத்திருந்தா உனக்கு வலி தெரியும். தெரிஞ்சா இந்த ஸ்டூலைப் பிடிப்பியா?"

யாரோ அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு கைகளாலும் ஸ்டூலின் காலைக் கட்டிக்கொண்டு ரோட்டோர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவன் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து பற்றினான், துணி கிழிந்தது. இன்னொருவன் இடுப்பைப் பிடித்தான். அவர் ஸ்பேனரை விடவில்லை. உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்து ஒரு திருகு திருகினார்.

போல்ட் தெறித்தது. பலகை ஒரு பக்கம் பிடிவிட்டு, கிறீச்சென்று சுழன்று, ஒற்றை போல்ட்டில் செங்குத்தாகத் தொங்கியது. பலகை இருந்த இடத்தில் தெருமுனை திறந்துகொண்டது. அங்கே ஒரு பெண் ஸ்கூட்டரில், முன்னால் குழந்தையை நிறுத்திக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி ரோட்டில் ஏறக் காத்திருந்தாள். வளைவில் வந்துகொண்டிருந்த லாரி அவளைப் பார்த்தது. வேகம் குறைந்தது. அந்தப் பெண் நிதானமாகக் குறுக்கே கடந்து போனாள், கூச்சல் கேட்ட பக்கம் குழந்தை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. நாலைந்து பேர் அவரை ஸ்டூலிலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.