ஆவி பிடிக்காத கண்ணாடி

மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக வில்லை தேய்த்துக் கொடுப்பவருக்கு, சொந்தக் காரின் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிவது மானப்பிரச்சினை. இருந்தும் பத்து நாளாக அதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார்.

மனைவிக்கு வேறு ஊரில் பதவி உயர்வு வந்திருந்தது. சேதி கேட்ட அன்றே, தான் கடையை விட்டு வரமுடியாது, வேண்டுமானால் அவள் மட்டும் போகட்டும் என்று கண்ணாடிக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் தினமும் ஒரே காரில்தான் வேலைக்குப் போனார்கள். மழைக்காலம் என்பதால் முன்கண்ணாடியில் ஆவி படியும். சொல்ல வேண்டியதை அவள் விரலால் அதில் எழுதுவாள். பால் இல்லை. குழாய் ஒழுகுகிறது. அவர் பாலும் வாங்குவார், குழாயையும் முடுக்குவார். வீம்பில் இருவருமே சளைத்தவர்கள் இல்லை.

திங்கட்கிழமை மதியத்துக்குள் அவள் அலுவலகத்தில் முடிவு சொல்லியாக வேண்டும். ஞாயிறு காலை அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வந்தால்தானே. கடைசியில் காரைத் துடைக்கப் போனார்.

ஈர மிதியடிகளை வெளியே எடுத்துக் காயப்போட்டார். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்று வரும்படி செய்தார். கண்ணாடியின் எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தார். அதற்கும் மேல், அடுப்படியில் நிற்கும் சமையல்காரர்களின் மூக்குக்கண்ணாடிக்கு ஆவி பிடிக்காமலிருக்கக் கடையில் பூசிக்கொடுக்கும் திரவத்தையும் மூலைமுடுக்கெல்லாம் பூசினார். அவரைப் பொறுத்தவரை அது முழுநீள மன்னிப்புக் கடிதம்.

மறுநாள் காலை அடைமழை. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பெருமையோடு ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்து, தன் முன்னாலிருந்த கண்ணாடியில் ஹாவென்று ஊதினாள். ஒன்றும் தெரியவில்லை. சற்றுக் கீழேயும் ஊதிப் பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டாள். முகம் சுண்டிப்போயிற்று.

விரலால் எழுதியது, மறுபடி ஆவி படிந்தால் தெரியும் என்பது கண்ணாடிக்காரருக்குத் தெரியாததா? காரை ஓரமாக நிறுத்தினார்.

"ஏதாவது எழுதியிருந்தியா?"

பத்து நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. சனிக்கிழமை அவர் மருந்து வாங்க இறங்கியபோது எழுதியதாக அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள். திரும்பி வந்தவர் பார்த்தும் பார்க்காததுபோல வண்டியை எடுத்தாராம். இப்போது தடமே இல்லாமல் துடைத்தும் விட்டாராம்.

"சத்தியமா நான் பார்க்கல. நான் வர்றதுக்குள்ள ஆவி மறைஞ்சிருக்கும். இப்ப எழுதேன்."

அவரே கண்ணாடியில் ஊதினார். மூச்சு வாங்க வாங்க ஊதினார். ஆவி நின்றால்தானே! தன் கைவேலையை அவர் அப்படிச் சபித்ததே கிடையாது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊதி ஊதி மயக்கம் போட்டு விழப்போகிறார் என்று தடுத்தாள். பிறகு மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்களும் வாங்க, தனியா இருக்க என்னால முடியாதுன்னு எழுதியிருந்தேன்."

கண்ணாடிக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

"கண்ணு எல்லா ஊர்லயும்தான் கெட்டுப்போகுது. எனக்கு அங்கயும் வேலை கிடைக்கும். மதியம் வரைக்கும் இழுக்காதே, போனதும் சரின்னு சொல்லிடு" என்றார்.