இரண்டு அடாப்டர்கள்

கனமான லேப்டாப்பைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு கம்ப்யூட்டர் கடைக்காரர் ஹிஷாம் உள்ளே போய் அதன் அடாப்டரைக் கொண்டுவந்தார். பிறகு மறுபடியும் போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் ஒரு செங்கல் போலிருந்த இரண்டையும் ஒரே மெஷினின் முதுகில் செருகி, சுவரில் இரண்டு சுவிட்சையும் தட்டினார். சுதர்ஷினி சட்டென்று கூரையைப் பார்த்தாள். கடையின் குழல்விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிந்தது. பக்கத்தில் நின்ற அண்ணன் மதுசனும் அதே நேரத்தில் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் சிரிப்பு வந்தது.

"என்ன, பல்லி ஈக்குதா?" என்றார் ஹிஷாம்.

பல்லி இல்லை. எதைப் போட்டாலும் முதலில் பல்பைப் பார்ப்பது அவர்கள் லயத்துப் பழக்கம். ஓப்பநாயக்கவுக்கு மேலே, தேயிலை மலையின் இடுப்பில் இருக்கிற அந்த லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் எட்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர், ஒரே ட்ரிப் சுவிட்ச். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு ஆட்கள் திரும்பும் ஐந்து மணிக்கு ஒவ்வொரு வீட்டிலும் கரண்ட் கேத்தலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும், பல்புகள் மஞ்சளாகிவிடும். அந்த நேரத்தில் யாராவது துணி தேய்க்க வேண்டுமென்றால் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று "அயன் போடுறேன்!" என்று கத்த வேண்டும். மற்ற வீடுகளில் கேத்தலையும் டிவியையும் பிடுங்கிவிட்டு "போடு!" என்று பதில் கொடுப்பார்கள். கத்தாமல் போட்டவர்களால் லயமே இருண்டுபோய், அந்த வீட்டுப் பெயர் ஒரு வாரத்துக்குப் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நாறும்.

இரத்தினபுரி நகைக்கடையின் அம்ரா மிஸ் கொடுத்த வேலைக்குத்தான் இந்த மெஷின். செய்யப்போகும் மோதிரத்தை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே காட்ட ஒரு சின்ன வீடியோ: நீலக்கல் மோதிரம் பத்து விநாடியில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். மோதிரத்தைச் சுதர்ஷினி வரைந்து முடித்துவிட்டாள். இனி வெளிச்சம் கல்லுக்குள் நுழைந்து, எந்தப் பட்டையில் உடைந்து, எங்கே வெளியே வரும் என்பதையெல்லாம் கிராபிக்ஸ் கார்டுதான் கணக்குப் போட்டுத் தீட்ட வேண்டும். விநாடிக்கு இருபத்துநான்காக மொத்தம் இருநூற்று நாற்பது படங்கள். சனிக்கிழமை பகலுக்குள் கொடுத்தால் மாதா மாதம் வேலை தருவதாக அம்ரா மிஸ் சொல்லியிருந்தார். கொடுக்காவிட்டால் வத்தளையில் சின்னம்மா பார்த்துவைத்திருக்கும் துணிக்கடை வேலை. அவளுக்கு அந்தக் கடையை நினைக்கக்கூடப் பிடிக்கவில்லை. ஒரு கல்லுக்குள் மழைக்காலத்து வானம் முழுவதையும் அடைக்க முடியும் என்று கண்டுபிடித்தவள், சட்டைகளை மடித்துக்கொண்டு எப்படி நிற்பாள்?

"இது பழசுதான், ஆனா ரெண்டு கார்ட் ஈக்கி," என்றார் ஹிஷாம். "மத்தது புதுசு. ஒத்தக் கார்ட், ஒத்த அடாப்டர். விலை ரெண்டும் ஒண்டுதான்."

"இதுல யோசிக்க என்னா இருக்கு?" என்றான் மதுசன். பாதிக் காசு அவனுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ரேஸ் விளையாட மெஷின் அவன் கைக்கு வரும் என்பது ஒப்பந்தம். "ரெண்டு மாடு பூட்டுன வண்டியும் ஒத்த மாட்டு வண்டியும் ஒண்ணா?"

சுதர்ஷினி பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். "ரெண்டுலயும் என்னோட மோதிரத்த ஓட்டிப் பாக்கணுங்க."

இரட்டைக் கார்டு ஒரு படத்தை இரண்டு நிமிடத்தில் முடித்தது. ஒற்றைக் கார்டுக்கு மூன்று நிமிடம் பிடித்தது. மதுசன் மேசையைத் தட்டினான். "பாத்தியா!"

"இப்ப ஒரு அடாப்டரக் கழட்டுங்க," என்றாள் அவள்.

"ஏன் தங்கச்சி? சும்மா நல்லா ஓடுறத..."

"எங்க வீட்டுக் கரண்டு ரெண்டு அடாப்டரத் தாங்காதுங்க. இப்படித்தான் ஓடும்."

ஹிஷாம் கழற்றினார். மெஷின் கொஞ்சம் யோசித்தது. ஒரு பக்கத்து விசிறியின் சத்தம் அடங்கியது. இரண்டு நிமிடத்தில் வந்த படம் நாலைத் தாண்டியும் முடியவில்லை. "ஒரு கார்ட் படுத்துட்டுது," என்று ஹிஷாமே சொன்னார்.

"அப்ப நாம கத்திட்டுப் போடுவோம்," என்றான் மதுசன். "அயனுக்குக் கத்துறோம்ல? இது அயன விடக் கொறச்சலாத்தான் கரண்ட் இழுக்கும்."

"அயன் பத்து நிமிஷம்ணே. இது எட்டு மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு மூணாம் வீட்டு புஷ்பம் அக்காவ தேத்தண்ணி குடிக்காதீங்கன்னு நீ போய்ச் சொல்றியா?"

புஷ்பம் அக்காவின் வாயை நினைத்ததும் மதுசன் வேறு வழி தேடினான்.

"பகல்ல போடேன். லயத்துல ஒரு ஈ காக்கா இருக்காது."

"பகல்ல நான் பிள்ள மடுவத்துல கொழுந்தெடுக்கப் போறவங்க பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிக்கிட்டு இருப்பேன். ஓடுற மெஷின யாரு பாத்துக்குவா, நீயா?" அவள் ஹிஷாமிடம் திரும்பினாள். "நெஜமா சொல்லுங்க. அண்ணன் வெளயாடுற புது ரேஸ் கேமுக்கு ரெண்டாவது கார்டு உதவுமா?"

ஹிஷாம் மதுசனைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கடைசியில் தாடியைச் சொறிந்தார். "பொய் சொல்ல ஏலா தம்பி. புதுக் கேம் எல்லாம் ரெண்டாவத கண்டுக்கிறல்ல. அது சும்மா உக்காந்து சூடாகும்."

"எங்க தோட்டத்துல வேலைய மேற்பார்வை பாக்குற கண்டக்டர் ஐயா மாதிரி," என்றான் மதுசன். ஆனால் குரலில் பழைய துள்ளல் இல்லை. திரும்பும் வழியில் பெல்மதுளை வரைக்கும் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். ஒற்றைக் கார்டு மெஷின் அவள் மடியில், எடை தெரியாமல், தூங்குகிற பிள்ளை மாதிரி இருந்தது. மூன்று நிமிடம் வீதம் பன்னிரண்டு மணி நேரம். இன்று வியாழன். அவள் கணக்கை இன்னொரு முறை போடவில்லை. அது சரி என்று தெரியும்.

நாலரைக்கு வீட்டில் மேசையை இழுத்துப்போட்டு அதை இயக்கினாள். மதுசன் சொல்லக் கேட்டிருந்த அம்மா தன் பங்குக்கு வந்து பார்த்து, "இவ்ளோ காசு குடுத்து ஒத்தயா வாங்கிட்டு வந்திருக்கீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரையில் கறுப்பு நடுவே மோதிரம் சதுரம் சதுரமாக நிறைந்தது. ஒரு படம். பத்துப் படம். வெளியே கொழுந்துக்கூடைகள் இஸ்தோப்புகளில் விழும் சத்தம் கேட்டது, பிறகு கேத்தல்கள். பல்பு மஞ்சளானது. பதினான்காவது படம் ஓடிக்கொண்டிருந்தபோது மூன்றாவது வீட்டிலிருந்து புஷ்பம் அக்காவின் குரல் லயத்தின் நீளத்துக்கும் போனது.

"அயன் போடுறேன்!"

"போடு!" என்றது முதல் வீடு. "போடு புள்ள!" என்றது கடைசி வீடு. சுதர்ஷினியின் கை தன்னால் பிளக்கில் போய் நின்றது. பிறந்ததிலிருந்து அந்தக் குரலுக்குப் பிடுங்கிப் பழகிய கை. வாசலில் சாய்ந்திருந்த மதுசன் அந்தக் கையையே பார்த்தான்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போடுங்கக்கா!" என்று குரல் கொடுத்தாள்.

பல்பு பாலில்லாத் தேத்தண்ணி நிறத்துக்கு இறங்கியது. அடாப்டரின் பச்சைப் பொட்டு ஒருமுறை சிமிட்டியது. மதுசன் அண்ணாந்து பல்பைப் பார்த்தான்.

"நிக்குதா?"

"ஓடுது."

அவள் மேலே பார்க்கவில்லை. கல்லின் ஒரு பட்டை நிறைந்தது, பக்கத்துப் பட்டை நிறைந்தது, நடுவில் ஒரே ஒரு சதுரம் மட்டும் இன்னும் கறுப்பாக இருந்தது. அதன் ஓரத்தில் நீலம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.