வாளில் எழும்பிய ரேகை

கடிகாரக் கடைக்காரர் எங்கள் கூடத்துச் சுவரிலிருந்து அந்த வாளை இறக்கியபோது நான் அடுப்படியில் இருந்தேன். அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே பைத்தியம்: என்றைக்கோ செத்துப்போன ராணுவ அதிகாரிகளின் வாள்களைச் சேர்ப்பது. பெண்டாட்டியைத் தொடக் கை கழுவாத என் மனுஷன், வாளைத் தொடக் கையுறை மாட்டுவார். வெறும் விரல் பட்டால் வியர்வை உப்பு இரும்பில் இறங்கி, ரேகை அப்படியே துருவாக எழும்பிவிடுமாம்.

எங்கள் மகள் ஒருநாள் அந்த வாளை வெறும் விரலால் தொட்டுவிட்டாள். அப்படித்தான் எழும்பியது. இவர் போட்ட சத்தத்தில் வீடே ரெண்டுபட்டது. பிறகு ஒரு காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் அந்த வாளை மட்டும் இவர் தேய்த்ததே இல்லை. துரு பரவி ரேகை கலைந்துவிடாமல் எண்ணெய் மட்டும் ஒற்றி வைப்பார். போட்டோ இருக்கிறதுதான். ஆனால் போட்டோவில் அவள் விரல் பட்டதில்லையே.

நான் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது காரியம் முடிந்திருந்தது.

"இவ்ளோ நல்ல வாள்ல துருவ விட்டு வெச்சிருக்காரே அண்ணன்! வந்து பாத்து அசரட்டும்னு நானே தேய்ச்சுட்டேன். மழமழன்னு இருக்கு பாருங்க அண்ணி."

சந்தோஷத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு, துரு இருந்த அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டினார். பாவி மனுஷன், எங்களுக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைக்குப் போய்த் திரும்பிய இவர் பார்த்துவிட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வாளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் அசையவில்லை, எண்ணெயும் வைக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் ஓதம்.

ஒரு காலை, "ஏய், இங்க வாயேன்! வந்துட்டா!" என்று அலறினார்.

ஓடினேன். இரும்பில் சிவப்பாக ஒரு ரேகை.

"தேய்ச்சா போயிடுவாளா? உள்ள எறங்கியிருக்கா. நீயே பாரு, பாப்பாவோடதுதானே?"

லென்சை என் கையில் திணித்தார். பார்த்தேன். அகலமான ஆம்பளைக் கட்டைவிரல். இத்தனை வருஷம் பார்த்த கண்ணுக்கு இது தெரியாதா? இவர் வாளைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

"ஆமாங்க. அவளோடதுதான்" என்றேன்.

இவர் பஞ்சை எண்ணெயில் தோய்த்து அந்தக் கட்டைவிரல்மேல் மெல்ல ஒற்றினார். பிறகு குனிந்து, "குளிருதாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காதைச் சாய்த்தார்.