சீவிய உரித்து

மருமகன் றினாஸ் அந்தப் படத்தை என் மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் என்னுடைய சாமான்களையே பாரமாக வைத்தார். அடிமட்டம், அழிறப்பர் டப்பா, மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி குடித்த பிளேன்ரீக் கோப்பை. கோப்பையை மட்டும் நான் கையில் எடுத்துக்கொண்டேன். வடிவான படம்தான். கொழும்புக் கம்பெனிக்காரர்கள் கொம்பியூட்டரில் கீறியது. ஆறு மாடி, முழுக்கக் கண்ணாடி. கீழே சுப்பர்மார்க்கட், மேலே வங்கி, அதற்கு மேலே அலுவலகங்கள். முன்னால் கோட்டுப் போட்ட ஆட்கள் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். கல்முனைப் பிரதான வீதியில் மத்தியான வெயிலில் கோட்டுப் போட்டு நடக்கிற மனிதனை இந்த அறுபத்திநாலு வயதுக்கு நான் ஒருதரமும் கண்டதில்லை.

"பாருங்க மாமா, லைட்டெல்லாம் போட்டு எப்பிடிக் கிடக்கு எண்டு," என்றார்.

பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷமாக வீட்டு ப்ளான் கீறுகிறவன் நான். ஒரு படத்தைக் கண்டால் பிழை தேடாமல் விட என்னால் ஏலாது. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, பின்னேர வெயில் நேராக உள்ளே இறங்கும். தாவாரம் என்று ஒன்று கிடையாது. மழை வந்தால் றோட்டில் போகிறவன் ஒதுங்க ஒரு சாண் இடமில்லை. இப்போதிருக்கிற பழைய கடைகள் அழுக்குத்தான், ஒன்றுக்கொன்று உயரமும் ஒத்துவராது, ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆறடித் தாவாரம் உண்டு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் மருந்து வாங்க வந்தவர்களும் அதன் கீழேதான் நிற்கிறார்கள். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தவன், முதலில் எங்கள் வீடு எங்கே என்று தேடினேன். வடக்கே மருந்துக்கடை வளவு, தெற்கே புடவைக்கடை வளவு, நடுவில் நாங்கள். விரலால் அளந்துகொண்டு போனேன். என்னுடைய வீடு நிற்கிற இடத்தில், நிலத்துக்குக் கீழே கார் இறங்குகிற சரிவுப்பாதை இருந்தது. அதில் மஞ்சள் நிறத்தில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

என்னுடைய வீடு என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். அது என் மகள் இன்ஷிராவின் வீடு.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். வீட்டு உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில் எழுதப்படும். பெற்றவர்கள் முன்வீட்டை விட்டுக் குசினிப் பக்கமாக ஒதுங்கிக்கொள்வார்கள். நான்கு பெண்பிள்ளை என்றால் நான்கு வீடு. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு நாடா அகலத்துக்கு எங்கள் ஊர். கடல் ஏறி வந்த அந்த வருஷத்துக்குப் பிறகு கிழக்கே ஒருவரும் காணி தேடுவதில்லை. அதனால் சனம் வயலுக்குள் கிறவல் கொட்டி நிரப்பிக்கொண்டு மேற்கே மேற்கே போனது. அவர்களுக்கு ப்ளான் கீறிக் கொடுத்தவன் யார்? இந்த ஷரிபுதீன்தான். வருகிறவர்களிடம் நான் சொல்லிப் பார்ப்பேன், டவுனில் இருக்கிற வீட்டுக்கு மேலே ஒரு மாடி ஏற்றி மகளுக்குக் கொடுங்களேன், விளைகிற நிலத்தை ஏன் மூடுகிறீர்கள் என்று. "மேல்மாடிய எழுதிக் குடுத்தா மாப்பிள வீட்டார் சிரிப்பாங்க காக்கா, நிலம் வேணும்," என்பார்கள். பிறகென்ன, கீறிக் கொடுப்பேன்.

அந்த ப்ளான்களில் எல்லாம் பின்பக்கம் ஓர் அறை வரும். குசினியை ஒட்டி, ஒன்பதுக்குப் பத்து. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும். காணி சிறுத்து அடிக்கணக்கு இடித்தால் நான் முதலில் கை வைப்பது அந்த அறையில்தான். அதில் ஓரடி வெட்டினால் ஹோல் பெரிதாகும். இவ்வளவு காலத்தில் ஒருவரும் அதற்காக என்னோடு சண்டைக்கு வந்ததில்லை.

இன்ஷிராவின் கலியாணத்துக்கு முந்திய கிழமை நொத்தாரிசு நளீமிடம் உறுதி எழுதப் போனோம். மாப்பிள்ளையின் வாப்பாவும் இரண்டு சாச்சாமாரும் கூட வந்திருந்தார்கள். நளீம் பேனையை வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"சீவிய உரித்து வெச்சு எழுதுறதா, வெக்காம எழுதுறதா?"

வைத்து எழுதினால் வீடு மகளுடையதுதான், ஆனாலும் நானும் என் மனைவி றஹீமாவும் ஹயாத்தோடு, உயிரோடு இருக்கும்வரை எங்களை எழுப்பிவிட்டு அதை யாரும் விற்க முடியாது. ஒரே ஒரு வரி. மாப்பிள்ளையின் வாப்பா யன்னலால் வெளியே பார்த்தார். அவர் அப்படிப் பார்த்ததில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "குடுத்தா முழுசாக் குடுக்கணும். அரைவாசிக் கொடை நான் குடுக்கல்ல," என்றேன். சாச்சாமார் தலையை ஆட்டினார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து றஹீமாவிடம் பெருமையாகச் சொன்னேன். பேயன். ஊரிலே உள்ளவர்களுக்கெல்லாம் எல்லைக்கல் பார்த்துக் கீறிக் கொடுத்தவன், எனக்கென்று இருந்த ஒரு வரியை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

என்னை விடுங்கள். எனக்குப் பயம் றஹீமாவை நினைத்துத்தான். சீனி வருத்தத்தில் அவளுக்கு இடது கண் போய்விட்டது, வலது கண்ணில் நிழல் மட்டும் ஆடும். அப்படியிருந்தும் கிளினிக்குக்குத் தனியாகப் போவாள், மீன் வாங்கத் தனியாகப் போவாள், அவளுடைய ராத்தா வீட்டுக்கும் தனியாகத்தான். கேட்டைத் திறந்தால் கடைச் சுவர்களைத் தொட்டுக்கொண்டே தாவாரத்துக்குக் கீழால் நடப்பாள். படி வருகிற இடத்தில் கடைக்காரர்கள் "மாமி, படி" என்று குரல் கொடுப்பார்கள். "எனக்குத் தெரியும் மனே, நீ உன்ட வேலயப் பாரு," என்று சொல்லிக்கொண்டு போவாள். இந்த முந்நூறு மீற்றர் தூரத்துக்குள் அவளுக்குக் கண் இருக்கிறது. அதைத் தாண்டினால் இல்லை. ஒருநாளும் அவளுக்கு என் கை தேவைப்பட்டதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலும் உண்டு.

றினாஸிடம் இதைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு முழுக்கக் கேட்டார்.

"எனக்கு வெளங்குது மாமா. ஆனா மருந்துக்கடையும் குடுத்திட்டாங்க, புடவைக்கடையும் குடுத்திட்டாங்க. நாம குடுக்காட்டி அவங்க சும்மா போவாங்களா? ரெண்டு பக்கமும் ஆறு மாடி எழும்பும், நடுவுல நாம கிணத்துக்குள்ள இருக்கிற மாதிரி இருப்பம். அம்ஹாவும் சின்னவளும் வளந்துக்கு வாறாங்க. ரெண்டு பொம்புளப் புள்ளைக்கு ஒரு வளவு. இத வித்தா வயல் வட்டைக்குள்ள ரெண்டு காணி வாங்கலாம். நீங்களே செல்லுங்க, நான் என்ன செய்ற?"

மனிதன் பிழையாக ஏதாவது கதைத்திருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. நான் என் மகளுக்குச் செய்ததைத்தான் அவர் தன் மக்களுக்குச் செய்யப் பார்க்கிறார். கட்டட அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தேன். எனக்குப் பழக்கமான அலுவலர் கதிரை போட்டு உட்கார வைத்து, "எல்லாம் ஒழுங்காத்தான் வந்திருக்கு காக்கா. வீதிக்கு விட வேண்டிய இடமும் விட்டிருக்காங்க. டவுனுக்கும் ஒரு முகம் வேணுந்தானே," என்றார். தேத்தண்ணீர் தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மிச்சம் இருந்தது இன்ஷிரா மட்டும்தான். கையெழுத்து அவளுடையது. ஒரு பகல் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் வேணாமெண்டா அவருக்கு மனவருத்தம். ஓமெண்டா உங்களுக்கு மனவருத்தம். செல்லுங்க வாப்பா."

"உனக்கு என்ன விருப்பம் மகள்?"

கறிக் கோப்பையின் மூடியைத் திறந்து மூடினாள். "அத ஒருத்தரும் எனக்கிட்டக் கேக்கல்லயே வாப்பா. நீங்க வீடு எழுதுற நேரமும் கேக்கல்ல."

கையைக் கழுவிவிட்டு எழும்பினேன். அதற்குப் பிறகு அவளிடம் நான் இதைப்பற்றிக் கதைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு றினாஸ் என்னையும் றஹீமாவையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு காணி காட்டப் போனார். பிரதான வீதியை விட்டு மேற்கே திரும்பினால் முதலில் பழைய வீடுகள், பிறகு புதிய வீடுகள், பிறகு பாதி கட்டின வீடுகள், பிறகு வெறும் தூண்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த வீடுகள். அந்த மூன்று வளைவு முகப்பு நான் கீறியது, மூலை யன்னலும் நான் கீறியது. கொங்கிறீற் றோட்டு முடிந்து கிறவல் றோட்டு வந்தது, அதுவும் முடிந்தது. ஓட்டோ அதற்கு மேல் போகாது. றிப்பர் லொறி கொட்டிய சிவப்பு மண் வயலுக்கு நடுவில் மேடாகக் கிடந்தது. நிரப்பியதில் வாய்க்கால் அடைபட்டு, பக்கத்து வயலில் தண்ணீர் தேங்கிப் பயிர் மஞ்சளாகி நின்றது. அது யாருடைய வயல் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்யப்போகிறேன்.

றஹீமா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மேட்டில் கால் வைத்தவள் மண் புதையவும் என் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். தொடுவதற்கு ஒரு சுவரும் இல்லாத இடம். முகத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினாள்.

"கிளினிக்குக்கு எப்பிடிப் போற இஞ்ச இருந்து?" என்று கேட்டாள்.

"நான் கொண்டுபோறன் மாமி, அதுக்கென்ன," என்றார் றினாஸ்.

"நீங்க வேலைக்குப் போனா?"

"பிள்ளையள் இருக்காங்க. ஓட்டோவுக்குக் கோல் பண்ணலாம்."

"ஓம்," என்றாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டின் தூணை ஒருமுறை தடவிவிட்டு, என் கையை விட்டு, தானாகவே உள்ளே நடந்து போனாள். எனக்கு அழுகை வந்தது. பார்க்க ஒருவரும் இல்லைதான், என்றாலும் முகம் கழுவுகிற சாட்டில் குழாயடிக்குப் போனேன்.

புதிய வீட்டுக்கு ப்ளான் நான்தான் கீறினேன். வேறு யார் கீறுவது? "நீங்க கீறினாத்தான் மாமா வீடு வீடா இருக்கும்," என்று றினாஸ் மனதாரத்தான் சொன்னார். இரண்டு காணியில் ஒன்று, பத்து பேர்ச். முன்னால் ஹோல், மூன்று அறை, குசினி, நாளைக்கு மேலே ஒரு மாடி ஏற்ற வேண்டி வந்தால் அதற்கு ஒரு படிக்கட்டு. எல்லாம் போக எங்களுடைய அறை. வெளிச்சம் பார்த்துக் கிழக்கே வைத்தேன், ஹோலை இடித்தது. தெற்கே தள்ளினேன், கார் நிறுத்த இடமில்லாமல் போனது. அழித்து அழித்துத் தாள் மெலிந்துவிட்டது. மலகூடத்துக்குப் பக்கத்தில், றஹீமா தடவிக்கொண்டு போகத் தோதாக, ஒரு சுவர் நேராக வருகிற மாதிரி ஓர் இடம் கடைசியில் அகப்பட்டது. அளந்து பார்த்தேன். ஒன்பதுக்கு ஒன்பதரை. வேறு ஆளுக்கென்றால் இதைவிட நல்லதாகக் கீறியிருக்க மாட்டேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கையெழுத்து வைக்கிற நாள் காலையில் றினாஸ் தயங்கித் தயங்கி வந்தார்.

"மாமா, கம்பெனிட வக்கீல் ஒரு விஷயம் செல்றார். வீட்டக் குடுத்த ஆளும் சாட்சியாக் கையொப்பம் வெச்சா நல்லமாம். பிறகு ஒரு பிரச்சின வராதாம்."

மறுத்திருக்கலாம். மறுத்தால் மகளுக்கும் மருமகனுக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று யோசித்தேன். வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

நளீமுக்குத் தாடி நரைத்துவிட்டது. அலுவலகத்தில் ஏசி போட்டிருந்தார்கள். கம்பெனி ஆள் ஒருவர் எல்லாருக்கும் சலாம் சொல்லி, சிங்களம் கலந்த தமிழில் சுகம் விசாரித்தார். நளீம் உறுதியை ஆரம்பத்திலிருந்து வாசித்தார். வடக்கே இன்னார் வளவு, தெற்கே இன்னார் வளவு, அதனுள் அடங்கிய வீடும் கிணறும் பயன்மரங்களும். முன்னைய உறுதியின் இலக்கத்தை வாசித்து, "சீவிய உரித்து எதுவும் ஒதுக்கப்படாத" என்ற இடம் வந்ததும் அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியது. என்னைப் பார்க்கவில்லை. இன்ஷிரா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவர் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்து வைத்தாள். ஒரு கையெழுத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் அவள் தலையை நிமிர்த்தவில்லை.

சாட்சிகளின் விபரத்தைப் பதிவது அங்கே வேலை செய்கிற மேனுஜா என்ற பிள்ளை. கம்பெனி ஆளின் விபரத்தை அடித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பேர் செல்லுங்க மாமா."

சொன்னேன். அடையாள அட்டையைக் கொடுத்தேன், இலக்கத்தைப் பார்த்து அடித்தாள். பிறகு அட்டையைத் திருப்பி மற்றப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த உறுதியைப் பார்த்தாள்.

"இதுல இருக்கிற விலாசம் இப்ப வித்த வீடெல்லோ? நீங்க இருக்கிற விலாசம் என்ன போடுற?"

றினாஸைப் பார்த்தேன். புதுக் காணிக்கு இன்னும் இலக்கம் இல்லை, அந்த றோட்டுக்குப் பெயரும் இல்லை. அவர் இன்ஷிராவைப் பார்த்தார். இன்ஷிரா மேசையில் கிடந்த பேனையின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். நளீம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவசரமில்ல மாமா, யோசிச்சுச் செல்லுங்க," என்றாள் மேனுஜா. விரல்களைத் தட்டச்சுப் பலகையில் வைத்தபடியே காத்திருந்தாள். திரையில் என் பெயருக்குக் கீழே 'வதிவிடம்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், வெறும் வெள்ளையில், ஒரு சின்னக் கோடு தோன்றுவதும் மறைவதுமாக நின்றது.