பல்லுக்கு வந்தவள் விரல் நீட்டிய கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில், வாய் மரத்துக் கிடந்தபோது கிடைத்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்காக ஊசி போட்ட டாக்டரம்மா, "உதடு தடிச்ச மாதிரி ஆகும். அதுவரைக்கும் சாஞ்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். நடுவில் பால்நிறக் கண்ணாடித் தடுப்பு. அது கூரைவரை எட்டவில்லை. அதனால் உருவங்கள் கலங்கலாகவும் குரல்கள் தெளிவாகவும் வந்தன. வெளியே மழை. என் கீழுதடு மெதுவாக என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

2

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம்: 'அவள் ஒரு பாடகி. ஒருநாள் மேடையில்...'

(வேண்டாம். பாடகி என்றால் கதை தானே அழ ஆரம்பித்துவிடும்.)

அடுத்தது: 'தமக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியாமலேயே எத்தனையோ பேர்...'

(இது சுவரொட்டி.)

உள்ளதையே சொல்லிவிடுகிறேன். தடுப்புக்கு அப்பால் இருந்தவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். அவளுக்குப் பல் இன்னும் போகவில்லை, சொல் முந்திக்கொண்டது.

3

"முன்பல் ஆடுது டாக்டர். 'செல்லும்'னு சொன்னா சீட்டி அடிக்குது. மைக்குல இன்னும் பெருசாக் கேக்குது. நேத்து ஒருத்தர் ஏறின பஸ்ஸைவிட்டு இறங்கி, யாரோ கூப்பிட்டாங்கன்னு திரும்பிப் பாத்தாரு."

டாக்டரம்மா சிரித்தார். பிறகு அவள் வாயைப் பரிசோதித்தார். கம்பி எதையோ தட்டும் சத்தம் மட்டும்.

"ஈறுல ரத்தம் வருமா?"

"பல்லு தேய்க்கிறப்ப வரும். எல்லாருக்கும் வர்றதுதானே."

"தாகம் அதிகமா இருக்கா?"

"வெயில் அப்படி."

"வெளியில மழை பெய்யுது."

கிண்ணத்தில் துப்பும் சத்தம் கேட்டது.

"வீட்டுல யாருக்காவது சர்க்கரை இருக்கா?"

அவள் மறுபடி வாய் கொப்பளித்தாள்.

"விரல் நுனியில ஒரு சின்னக் குத்து. இங்கயே பாத்துரலாம்."

"நான் பல்லுக்கு வந்தேன் டாக்டர். விரலுக்கு வரல."

"பல்லை மட்டும் பாத்து அனுப்பினா, கூரை ஒழுகுற வீட்டுல தரையைத் துடைச்ச கதைதான். ஈறு இந்த அளவுக்கு விட்டுப்போயிருந்தா சர்க்கரையையும் பாக்கணும். இருக்குன்னு சொல்லல. பாக்கணும்னுதான் சொல்றேன்."

நாற்காலி முனகியது. கண்ணாடியில் ஒரு நிழல் எழுந்து நின்றது.

4

இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவளை ஒன்றும் தெரியாதவளாக எழுதியிருந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது கதைக்குச் சுலபம். ஆனால் அவளுக்கு ஏதோ தெரிந்திருந்தது.

டாக்டரம்மா தடுக்கவில்லை. "கழுத்துல கட்டின துணியைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

துணியின் கொக்கி எதிலோ மாட்டிக்கொண்டது போலும். நிழலின் கைகள் கழுத்துக்குப் பின்னால் தடவிக்கொண்டேயிருந்தன. அப்படித் தடவிக்கொண்டேதான் சொன்னாள்.

"அக்காவுக்கு இருக்கு."

அம்மா போனபிறகு அவளை வளர்த்தது அந்த அக்காதான். இப்போது அக்காவுக்குப் பார்வை மங்கிவிட்டது. கடைசியாகப் போனபோது அக்கா இவள் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, "பேசுடி, அப்பதான் உன் முகம் தெரியுது" என்றாளாம். அதற்குப் பிறகு இவள் அங்கே போகவேயில்லை.

"போனா நான் அக்காவைப் பாக்கல டாக்டர். என்னைத்தான் பாக்குறேன்."

"அக்காவுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"கண்ணு மங்கினப்புறம்."

"அப்ப நீங்க முன்னாடியே வந்திருக்கீங்க."

(ஒப்புக்கொள்கிறேன், இந்த நேரத்தில் நான் முழு விழிப்பில் இல்லை. மரப்பு கன்னம் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கூரையில் பேருந்துகள் ஓசையில்லாமல் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றின் நெற்றியிலும் ஊர்ப்பெயருக்குப் பதில் 'அக்கா வீடு' என்றிருந்தது. எதிலும் யாரும் ஏறவில்லை. மழை மட்டும் ஜன்னலோர இருக்கைகளில் உட்கார்ந்திருந்தது.)

5

நாற்காலி மறுபடி முனகியது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"குத்துங்க. ஆனா வாயால சொல்லாதீங்க. காட்டுங்க, நானே பாத்துக்கிறேன். நாள் முழுக்க அறிவிப்பு சொல்றவ நான். இதை யாரும் அறிவிக்க வேணாம்."

கலங்கிய கண்ணாடியில் ஒரு கை நீண்டது. சின்னதாக 'டக்' என்றது. கொஞ்சம் கழித்துக் கருவி கூவியது.

இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கருவி காட்டிய எண் குறைவு; அவள் சிரித்தபடி, ஆடும் பல்லோடு, பேருந்து நிலையத்துக்கு ஓடுகிறாள். மற்றதில் எண் அதிகம்; அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே... இரண்டையும் அடித்துவிட்டேன். நான் கேட்டது ஒரு மௌனம். மௌனத்தில் எண் தெரியாது.

பிறகு டாக்டரம்மாவின் குரல். "எப்படி இருந்தாலும் இது முதல் படிதான். பெரிய டாக்டர்கிட்ட போயி முறையா ரத்தம் குடுத்துப் பாத்துருங்க. பல்லைக் காப்பாத்த நான் முயற்சி பண்றேன்."

"சரி."

அந்தச் 'சரி' லேசாகச் சீட்டியடித்தது. அடுத்து அவள் போனில் பேசினாள்.

"அக்கா, நான்தான்... ஆமா, குரல் மாறித்தான் போச்சு. பல்லு ஆடுதுக்கா... சிரிக்காத... இல்ல, வேலைதான். வேலைன்னு சொல்லிட்டிருந்தேன்... சாயங்காலம் வரேன்."

6

டாக்டரம்மா திரும்பி வந்து என் உதட்டைத் தட்டி, "தெரியுதா?" என்றார். தலையாட்டினேன், இல்லை என்று. அவர் பல்லைப் பிடுங்கினார். வலிக்கவேயில்லை. பக்கத்து அறையைப் பற்றிக் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வாயில் பஞ்சு இருந்தது நல்லதாகப் போயிற்று.

இனி என்னால் முடிந்தது இவ்வளவுதான். மழையை நிறுத்துகிறேன். அவளைச் சாயங்காலப் பேருந்தில் ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்து, அக்கா வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிடுகிறேன். உள்ளே செருப்புச் சத்தம், சுவரைத் தடவி வரும் கை, தாழ்ப்பாள். கதவு திறக்கிறது. இருவரில் யார் முதலில் பேசுவது, அழுவதா திட்டுவதா, எல்லாம் உங்கள் விருப்பம்.

அந்த எண்ணை மட்டும் எழுதிவிடாதீர்கள். அது அவளுடையது.