தேநீர் தீரும்வரை

இரண்டாம் ஆண்டில் எங்களுக்குத் தனித்தனித் தேர்வுகள் கிடையாது. வெப்பவியல், பொருள் வலிமை, வடிவமைப்பு, பட்டறை எல்லாம் ஒரே இயந்திரத்தில் வந்து முடிந்தன. மூன்று பேருக்கு ஒரு எஞ்சின். ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காற்று சூடாகி பிஸ்டனைத் தள்ள வேண்டும், சக்கரம் சுற்ற வேண்டும்.

தேர்வு இப்படி. குழுவினர் தேநீர் போட்டு ஆசிரியைக்குக் கொடுப்பார்கள். கொடுத்ததும் விளக்கை ஏற்றுவார்கள். அவர் கோப்பையைக் காலி செய்து கீழே வைக்கும்போது எஞ்சின் ஓடினால் எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. ஓடாவிட்டால் எல்லாவற்றிலும் தோல்வி. யார் தொடங்கிய வழக்கமோ.

எங்கள் குழுவில் நான், குண்டூசி, மாமா. குண்டூசி ஒல்லியானவள்; பேச்சும் குத்தும். மாமா எங்களுக்கு மூத்தவன், அதனால் அந்தப் பெயர். இரண்டாம் ஆண்டை மறுபடி படித்துக்கொண்டிருந்தான். இந்த முறையும் தவறினால் கல்லூரியை விட்டுப் போக வேண்டும். அதைப் பற்றி அவன் பேசியதில்லை. நாங்களும் பேசவில்லை.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். வெப்பம் எனக்கு. பொருள் வலிமை குண்டூசிக்கு. லேத்தில் கடைவது மாமாவுக்கு. அந்த மாதங்களில் என் சட்டைப் பையில் எப்போதும் உலோகச் சுருள்கள் கிடந்தன. அம்மா துவைக்கும்போது கையைக் கிழித்துக்கொண்டு திட்டுவாள்.

மாமா கடைந்த பிஸ்டன் சிலிண்டருக்குள் மெல்ல இறங்கியது. அடியை விரலால் மூடியதும் பாதியில் நின்றது.

"பாத்தியா மாப்ள, காத்துகூட என்னைக் கேட்டுட்டுத்தான் போகணும்," என்றான்.

தேர்வுக்கு முந்தைய நாள் ஓட்டிப் பார்த்தோம். அழகாக ஓடியது. சூடேறியதும் இறுகி நின்றுவிட்டது.

மாமா பெஞ்சில் உட்கார்ந்தான். "சரி. எங்கப்பா கடையில எனக்குன்னு ஒரு ஸ்டூல் காலியாத்தான் கிடக்கு."

"வாயை மூடு மாமா," என்றாள் குண்டூசி. என் பக்கம் திரும்பினாள். "பிஸ்டன் எவ்வளவு சூடாகும்?"

சொன்னேன்.

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கலையே."

"பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் எஃகு. அலுமினியம் எஃகைவிட ரெண்டு பங்கு விரியும். அந்தச் சூட்டுக்குப் பிடிக்காம என்ன செய்யும்?"

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அடப்பாவிங்களா. இது தெரிஞ்சிருந்தா இடைவெளி விட்டிருப்பேனே."

தனித்தனித் தேர்வாக இருந்திருந்தால் மூவருக்கும் முழு மதிப்பெண்.

மாமா பிஸ்டனை மறுபடி லேத்தில் ஏற்றி, மேலே ஒரு பூச்சு அளவுக்குச் சீவினான். இப்போது அது குளிர்ந்திருக்கும்போது லொடலொடத்தது. காற்று ஒழுகியது. சூடேறி விரிந்தால்தான் ஓடும்.

"அதுக்குள்ள டீ தீந்துடும்," என்றான் மாமா. "போன வருஷம் பாத்தேன். மடக்கு மடக்குன்னு குடிப்பாங்க."

குண்டூசி யோசித்தாள். "அப்ப டீயும் நம்ம கணக்குலதான் வருது."

மறுநாள் இருப்பதிலேயே தடித்த பீங்கான் கோப்பையை வெந்நீரில் போட்டுவைத்தோம். தேநீரைக் கொதிக்கக் கொதிக்க விளிம்புவரை ஊற்றினோம். மாமா விளக்கை ஏற்றினான்.

ஆசிரியை உதட்டில் வைத்து உடனே எடுத்தார்.

"என்ன இது, நெருப்பு மாதிரி?"

"வெப்பவியல், மேடம்," என்றாள் குண்டூசி.

ஆசிரியை சிரிக்கவில்லை. ஊதத் தொடங்கினார்.

மாமா சக்கரத்தைச் சுற்றிவிட்டான். நின்றது. மறுபடி. நின்றது. தேநீர் பாதியானது. மாமாவின் காதோரம் வியர்வை இறங்கியது.

"இரு மாமா. இன்னும் சூடாகல," என்றேன்.

கையை எடுத்து முழங்கால்மீது வைத்துக்கொண்டான். ஆசிரியை கோப்பையை நன்றாகச் சாய்த்துக் குடித்தார். இறக்கியபோது நான் நின்ற இடத்திலிருந்து கோப்பையின் உள் அடி தெரிந்தது. ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருந்தது.

அவர் அதைக் கீழே வைக்கவில்லை. உதட்டருகில் கொண்டுபோய் ஊதினார்.

"சுத்து மாமா."

சுற்றினான். சக்கரம் தயங்கியது. பிறகு போனது. போய்க்கொண்டே இருந்தது.

ஆசிரியை கோப்பையைக் கீழே வைத்தார். "அடுத்த குழு," என்றார். "டீ கொஞ்சம் ஆறட்டும்."

இத்தனை வருடம் கழித்து எப்போதாவதுதான் மூவரும் சேர்கிறோம். மாமாவுக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. குண்டூசி இப்போது ஒல்லி இல்லை. பெயரை மட்டும் விட மறுக்கிறாள். தேநீர் தீர்ந்த பிறகும் எவரும் கோப்பையைக் கீழே வைப்பதில்லை.