சர்க்கரைக்காரியின் வண்டிச் சாவி

பிரபாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே முட்டை வண்டியின் சாவி அவள் புருஷன் காளிதாஸின் சட்டைப்பைக்குப் போய்விட்டது. எருமப்பட்டிப் பண்ணையில் முட்டை உள்ளே கெட்டிருக்கிறதா என்று லைட்டில் காட்டிப் பார்த்து ஏற்றி, நாமக்கல் கடைகளுக்குப் போட்டு வந்தவள் அவள்தான்.

"ரத்தம் சரியில்லாதவ ஸ்டீயரிங் புடிக்கக் கூடாது புள்ள. வழியில மயக்கம் வந்தா?" என்றான். ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லியும் கேட்கவில்லை. அக்கறையாம்! அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாத்திரையை விடாமல் போட்டாள், சோற்றைக் குறைத்தாள், தினமும் நடந்தாள். அவனோ தொந்தியும் சிகரெட்டுமாகத் தனக்கு ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். சர்க்கரை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரு தரப்பினரின் ரத்தத்தையும் எடுத்து, உடம்புக்குள் வெளியே தெரியாமல் கனலும் அழற்சி எவ்வளவு என்று ஒப்பிடப் போகிறார்களாம். காளிதாஸ் முந்திக்கொண்டு கையை நீட்டினான். "சுத்தமான ரத்தம் எப்படி இருக்கும்னு பாத்துக்கங்க."

முடிவு வந்தது. பிரபாவுக்கு அழற்சி குறைவு. அவனுக்கு எகிறிக் கிடந்தது.

"டியூப்பை மாத்திப்புட்டாங்க!" என்று குதித்தான். சளி, காயம் இருந்தாலும் அழற்சி ஏறும் என்று சொல்லி, ஆய்வுக்கு வந்திருந்த மருத்துவர் நிலா சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார். அப்போதும் அதேதான்.

"பொதுவா சர்க்கரை உள்ளவங்களுக்குத்தான் இது கூடுதலா இருக்கும். அதுக்காக, சர்க்கரை இல்லாதவங்க எல்லாரும் தப்பிச்சுட்டாங்கன்னு இல்லைங்க. சிகரெட்டை விடுங்க. இதயத்துக்கு ஆகாது," என்றார் நிலா.

ஆய்வு முகாமை விட்டு வெளியே வந்தபோது அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. "எனக்குத்தான் சர்க்கரையே இல்லையே புள்ள?"

"பண்ணையில எதுக்குங்க முட்டையை லைட்டுல காட்டறோம்? ஓடு வெள்ளையா இருந்தாப் போதுமா?"

பிரபா அவன் சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். கூடவே வந்த சிகரெட் பெட்டியைக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"சாவியக் குடு புள்ள. நான் ஓட்டறேன்."

"ரத்தம் சரியில்லாதவங்க ஸ்டீயரிங் புடிக்கக் கூடாதுங்க." வாசலில் நின்ற முட்டை வண்டியைக் கிளப்பிவிட்டு, பக்கத்துக் கதவை அவனுக்காகத் திறந்துவிட்டாள். "ஏறுங்க. வழியில மயக்கம் வந்தா நான் பாத்துக்கறேன்."